டிரம்முல என்ன இருந்துச்சு

அது இல்ல சம்பந்தியம்மா, அது குடிக்கிற தண்ணி டிரம். நீங்க தேடுறது உள்ள இருக்கு, வட்டக் குடிசையில. காட்டுறேன், காட்டாம எங்க ஓடப்போறேன்? முதல்ல உக்காருங்க. தேத்தண்ணி போடவா? தயிரும் சோளக் களியும் இருக்கு, காலையில கிண்டினது. வேணாமா. சரி. பொண்ணைக் குடுத்த வீட்டுல பச்சத்தண்ணி வேணாங்குறீங்க. நான் உங்க இடத்துல இருந்தா வாசல்லயே காறித் துப்பியிருப்பேன். அந்த மட்டுக்கும் நீங்க பெரிய மனுசி.

ஜபு எப்படி இருக்கா? மூக்குல அந்தக் குழாய் இன்னும் இருக்கா? பேச்சு வந்துடுச்சா. கரகரன்னு வருதா. வரட்டும், எப்படியாச்சும் வரட்டும். நேத்து நானும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உங்களுக்குத் தெரியாது. நர்சு உள்ள விடலை. இல்ல, பொய் சொல்றேன். நர்சு போங்கன்னுதான் சொன்னா. நான்தான் வார்டு வாசல் வரைக்கும் போய், அவ இருமுறதைக் கேட்டுட்டு அப்படியே திரும்பிட்டேன். தகர டப்பாவைத் தரையில இழுக்குற மாதிரி ஒரு இருமல். கொண்டு போன ஆரஞ்சுப் பழத்தை ஷேர் டாக்சில பக்கத்துல உக்காந்திருந்த யாரோ ஒரு பொம்பளைகிட்ட குடுத்துட்டேன்.

டாக்டரு சீட்டே எழுதிக் குடுத்திருக்காரா? எங்க? நீங்களே படிங்க, கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியலை. டிரம்முல என்ன இருந்துச்சு. அவ்வளவுதானா? ம். அவ என்ன சொல்றா? வினிகர் மட்டும்தான் ஊத்தினேங்கிறாளா. அப்ப அதுதான். உங்க பொண்ணுக்குப் பொய் சொல்ல வராது. இந்த வீட்டுக்கு வந்து மூணு வருசம் ஆச்சு, ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. சொல்லத் தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பொழைச்சிருப்பா.

யாரு சொன்னது, அவளே எதையோ குடிச்சிட்டான்னு? கேத்திவேயா? அதானே பாத்தேன். என் நாத்தனாருக்கு வாயி ஒண்ணு, அது தூங்குறப்ப மட்டுந்தான் மூடியிருக்கும். புருசன் பின்னாடியே போகப் பாத்தான்னு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாளா? ஐயோ. டாக்டரும் அதை நம்பிட்டாரா?

வாங்க உள்ள. குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு. ஜன்னல் கிடையாது, அதான் இப்படி இருட்டா இருக்கும், கண்ணு பழகிடும். அங்க பின்னாடி, சுவரோரமா இருக்கே, அது உம்சாமோ. உங்க வீட்டுலயும் போய்ச் சேந்த பெரியவங்களுக்கு அதே இடந்தானே. அந்த வெள்ளை டிரம்தான். இருங்க இருங்க, கம்பளியை எடுக்காதீங்க! சூடு போயிடும். உள்ள பெரியவங்களுக்கு வைக்கிற சோளப் பீரு இருக்கு. ஆமா, அதே டிரம்தான். சனிக்கிழமையே கேத்திவே மறுபடியும் கூழைக் காய்ச்சி ஊத்திட்டா. ஒருத்தி மூச்சுக்கு அல்லாடிக்கிட்டு இருக்கா, இவளுக்கு பீரு முக்கியம். நான் என்ன பண்ணுவேன், வீட்டுக்காரரோட கூடப்பொறந்தவ, பூசையெல்லாம் அவ கையில. ஊத்துன்னா ஊத்தணும்.

சத்தமாப் பேசுறேனா? பழக்கம் சம்பந்தியம்மா. பதினாறு வருசமாப் பள்ளிக்கூடத்துல கக்கூசு கழுவுறேன், புள்ளைங்க போடுற கூச்சல்ல கத்தினாத்தான் கேக்கும். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.

என்னென்ன போட்டுக் கழுவுவோம்னு தானே கேக்குறாரு டாக்டரு? சொல்றேன், எழுதிக்குங்க. முதல்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி. அதுலயே சோடா மாவு ஒரு கை. சோடா போட்டா பழைய கூழு எவ்வளவு காஞ்சு ஒட்டியிருந்தாலும் பேந்துக்கிட்டு வந்துடும். கம்பி நாரு போட்டுத் தேய்க்கவே கூடாது. மண்சட்டி காலத்துப் பொம்பளைங்க அதைத்தான் பண்ணுவாங்க. பிளாஸ்டிக்குல கீறல் விழுந்துச்சுன்னா அந்தக் கீறலுக்குள்ள புளிப்பு போய் உக்காந்துக்கும், அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் அது போகாது. பழைய துணிதான் நல்லது. பாத்திரம் விளக்குற சோப்பும் ஆகாது. எலுமிச்சை வாசம் அடிக்குதுன்னு அவ ஒரு தடவை அதைப் போட்டுட்டா. பீருல நுரையே நிக்கலை, வாயில வச்சா துணி துவைச்ச தண்ணி. அன்னைக்கு உங்க மருமவன் பெகானி எவ்வளவு சிரிச்சான் தெரியுமா? என் பொண்டாட்டி எங்க தாத்தனுக்குக் குளிக்கவும் சேத்து ஊத்துறான்னு.

ஆமா, அப்ப இருந்தான். அது கல்யாணமான வருசம்.

அப்புறம் மூடிக்குக் கீழ ஒரு வளையம் இருக்கும், ரப்பரு, அதைக் கழட்டிச் சாம்பல் போட்டுத் தேய்க்கணும். அதை முக்காவாசிப் பேரு மறந்துடுவாங்க. ஜபு மறக்க மாட்டா. சுத்தம்னா சுத்தம், அப்படி ஒரு சுத்தம். புருசனுக்காகக் கருப்புத் துணி உடுத்தினவ கூழைத் தொடக்கூடாது, கிண்டக்கூடாது, ருசி பாக்கக்கூடாது. அவளுக்குன்னு விட்டு வச்சிருந்தது இந்தக் கழுவுற வேலை ஒண்ணுதான். அதை அவ எப்படிச் செய்வா தெரியுமா? டிரம்மைச் சாய்ச்சுப் போட்டு, இடுப்பு வரைக்கும் உள்ள போயி, காலு மட்டும் வெளிய தெரியும். கழுவி முடிச்சு என்னைக் கூப்பிடுவா. அம்மா, பாருங்கன்னு. நான் கடைசியா ஒரு தடவை அலசி, கவுத்து வச்சு, மூடுவேன். கடைசி அலசல் மாமியாருதுதான். எங்க வீட்டு வழக்கம் அது.

இதுக்கு மேல என்ன இருக்கு. வெயில்ல வைப்போம். அவ்வளவுதான்.

ஏன் நாலு தடவை கழுவினோம்னா? பீரு பொங்கலை, சம்பந்தியம்மா, வேற என்ன. உங்களுக்கும் சேதி வந்திருக்குமே. பெகானியோட ஆவியை வீட்டுக்கு அழைச்சாச்சு, ஆனா அவன் உள்ள வர மாட்டேங்குறான். பீரு வச்சு, அது பொங்கி நுரை தள்ளினாத்தான் வந்து சேந்தான், பெரியவங்க அவனுக்கு நகந்து இடம் குடுத்துட்டாங்கன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் உங்க பொண்ணு கருப்பைக் கழட்ட முடியும். பதினேழு மாசமாச்சு. ஒரு வருசத்துல முடிய வேண்டியது. டாக்சில பின் சீட்டுல உக்காந்து, யாரு மொகத்தையும் பாக்காம, ஒரு கடை கண்ணிக்குப் போகாம, இருபத்தி நாலு வயசுப் பொண்ணு.

முதல் தடவை பொங்காதப்ப கேத்திவே சொன்னா, டிரம்மு சுத்தமில்லன்னு. இரண்டாம் தடவை, கழுவினவ கை சுத்தமில்லன்னா. மூணாம் தடவை வாயைத் திறந்து சொல்லிட்டா. கருப்பைக் கழட்ட இவ்வளவு அவசரம் எதுக்கு, எவன் காத்துக்கிட்டிருக்கான், அதான் எங்க அண்ணன் மவன் வாசப்படி ஏற மாட்டேங்குறான்னு. உங்க பொண்ணு தலையைக் கூடத் தூக்கலை. போய் மறுபடியும் டிரம்மைச் சாய்ச்சா. மறுபடியும் சோடா, மறுபடியும் சாம்பலு. அன்னைக்கு நகமெல்லாம் வெளுத்துத் தோலு உரிஞ்சிருந்துச்சு.

நான் என்ன சொன்னேனா? நான் ஒண்ணும் சொல்லலை. அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

நீங்க அந்தக் கிளையைப் பாத்தீங்களா? அதோ, ஓலைக்கூரையில சொருகியிருக்கு. இலந்தைமுள்ளு. எம்புருசன் ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும் போயி, அந்த மூடிப்போட்ட சுரங்க வாசல்ல நின்னு, பெகானி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கிளையில அவனை ஏத்திக்கிட்டு வந்தாரு. டாக்சில அதுக்குத் தனியா ஒரு சீட்டு. வழியெல்லாம் யாருகிட்டயும் பேசலை, கிளைகிட்ட மட்டுந்தான் பேச்சு. மவனே, மலை இறங்குறோம். மவனே, இப்ப துகேலா பாலம் தாண்டுறோம். மவனே, உங்கம்மா வாசல்ல நிக்கிறா. வாசல்ல நான் நின்னேன். கிளையைத்தான் பாத்தேன், காஞ்ச இலை நாலு இருந்துச்சு. ஊரே அழுவுது. எனக்கு அழுகை வரலை சம்பந்தியம்மா. இது எம்புள்ள இல்லன்னுதான் தோணுச்சு.

ஏன்னா யாரும் செத்தான்னு சொல்லலையே! உங்களுக்கே தெரியும். உடம்பு வரலை. போலீஸ்காரன் என்ன சொன்னான்? திருட்டுத்தனமாத் தோண்டின குழி இடிஞ்சுடுச்சு, உள்ள போக முடியாது, மூடியாச்சு. மேல வந்த அந்தப் பையன் என்ன சொன்னான்? கடைசியா வரிசையில எனக்குப் பின்னாடி வந்தான், அப்புறம் பாக்கலைன்னான். பாக்கலைன்னுதான் சொன்னான். அந்தக் குழிக்கு எத்தனையோ வாசல் இருக்காம். வேற ஒரு வாசல் வழியா ஏறியிருக்கலாம், போலீசுக்குப் பயந்து எங்கயாச்சும் பதுங்கியிருக்கலாம், மொசாம்பிக் பக்கம் போயிருக்கலாம். ஆவாதா? ஆகும். எத்தனை பேரு அஞ்சு வருசம் கழிச்சு வந்து நிக்கிறாங்க.

அப்படிப் பாக்காதீங்க. நான் பைத்தியம் இல்ல.

பீரு பொங்கினா அவன் பெரியவங்களோட சேந்துட்டான்னு அர்த்தம். அப்ப பொங்கலைன்னா? நீங்களே சொல்லுங்க. முதல் தடவை அது தானாவேதான் பொங்கலை, சத்தியமா. மாவு பழசோ என்னவோ. எல்லாரும் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, எனக்கு மட்டும் நெஞ்சுக்குள்ள ஜில்லுன்னு ஒரு சந்தோசம். அவன் அங்க இல்ல, அதான் வரலை. உசுரோட இருக்குறவன் எப்படி வருவான்? அன்னைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

இரண்டாம் தடவை அலசுறப்ப கையில பள்ளிக்கூடத்துப் பாட்டிலு இருந்துச்சு. பிளீச்சு. துணிக்குப் போடுறது, தரைக்குப் போடுறது, அதுதான். ஒரு மூடி ஊத்திச் சுத்தி விட்டேன். நல்லதுதான் அது, ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி, பத்து நிமிசம், அப்புறம் கொதிச்சு ஆறின தண்ணில மூணு தடவை அலசிட்டா டிரம்முல ஒரு பூச்சி புழு நிக்காது. அலசணும். நான் அலசலை. அப்படியே மூடிட்டேன்.

ஆமா. நான்தான்.

பீரை எழுப்பி விடுற உசுரு இருக்கே, முளைகட்டின சோளத்துல இருந்து வருதே, அதுவும் அதுல செத்துடும். எனக்குத் தெரியும். பதினாறு வருசமா அதைக் கொல்றதுதானே என் வேலை. வாசம் யாருக்கும் தெரியாது, ஏன்னா நான் எப்பவுமே அந்த வாசந்தான். என் கை, என் சீருடை, என் தலைத்துணி எல்லாம் அதே நாத்தம். மூணாம் தடவை ரெண்டு மூடி. அப்பயும் ஓரத்துல லேசா நுரை கட்டுச்சு. நான் எவ்வளவு பயந்துட்டேன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. அதான் இந்தத் தடவை அரை பாட்டிலு. அடியில அப்படியே நின்னுச்சு. ராத்திரி முழுக்க ஊறட்டும், நாளைக்கு வேலை விட்டு வந்து, கூழு ஊத்துறதுக்கு முன்னாடி கொட்டிடலாம்னு மூடி வச்சிட்டுப் படுத்துட்டேன்.

காலையில நான் வேலைக்குக் கிளம்புறேன், கேத்திவே அடுப்படியில இருந்து ஒரு வார்த்தை சொன்னா. இன்னும் புளிச்ச வாடை போகலை, இப்படிக் கழுவினா அவன் எப்படி வருவான்னு. அவ்வளவுதான். உங்க பொண்ணு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம வினிகர் பாட்டிலை எடுத்துக்கிட்டு உள்ள வந்திருக்கா. ரேடியோவுல எவளோ சொன்னாளாம், வினிகர் ஊத்தினா பழைய வாடையெல்லாம் போயிடும்னு. மூடியைத் திறந்து, முழுப் பாட்டிலையும் ஊத்தி, எப்பவும் போலத் தலையை உள்ள விட்டுத் தேய்க்கக் குனிஞ்சிருக்கா.

பள்ளிக்கூடத்துல எங்க வாளி அறைச் சுவத்துல ஒரு படம் ஒட்டியிருக்கு. ஒரு பக்கம் பிளீச்சு பாட்டிலு, ஒரு பக்கம் வினிகர் பாட்டிலு, நடுவுல மண்டையோடு. தினம் அதுக்குக் கீழதான் என் தலைத்துணியை மாட்டுவேன். ரெண்டும் சேந்தா பச்சைப் புகை மாதிரி ஒண்ணு கிளம்பும், ஒரு மூச்சு இழுத்தாப் போதும், நெஞ்சு வெந்துடும். புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்திக்கும் நான்தான் அதைச் சொல்லிக் குடுப்பேன். வீட்டுல சொன்னதில்ல. பள்ளிக்கூடத்து விசயத்தை வீட்டுல யாரு பேசுறா?

வாசக் கேட்டு வரைக்கும் போயிருந்தேன். அவ இருமி மூச்சுக்குத் திணறுற சத்தம் கேட்டு ஓடியாந்தேன். காலு மட்டும் வெளிய தெரிஞ்சுது. அசையலை. பிடிச்சு இழுத்துப் போட்டேன், வாயெல்லாம் நுரை, கண்ணு செவசெவன்னு. அப்பயும் என்ன கேட்டா தெரியுமா? குரலே வரலை, உதட்டைத்தான் அசைச்சா. இப்ப சுத்தமா இருக்கா அம்மான்னு.

எழுதிக்கிட்டீங்களா? பிளீச்சு, அரை பாட்டிலு. இந்தாங்க, பாட்டிலையே கொண்டு போங்க, அதுல என்னென்ன கலந்திருக்குன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், டாக்டருக்கு உதவும். போன்ல இப்பவே சொல்லிடுங்க. அவ எதையும் குடிக்கலை, எவன் பின்னாடியும் போகப் பாக்கலை, ஒரு டிரம்மைக் கழுவினா, அவ்வளவுதான். அதை அவளுக்கு மாமியாரு பண்ணினான்னு சொல்லுங்க. அடிக்கணும்னா அடிங்க சம்பந்தியம்மா, கையைப் பிடிக்க மாட்டேன். அழுறீங்களா? அழாதீங்க. எனக்கு அதைப் பாக்கத் தெம்பில்ல.

இல்ல, இன்னும் யாருகிட்டயும் சொல்லலை. எம்புருசன்கிட்ட கூட. மூணு நாளா வாயைத் திறக்குறேன், வேற ஏதாச்சும் வந்துடுது. கேத்திவே ஆடு பாக்கப் போயிருக்கா, மதியத்துக்குள்ள வந்துடுவா. வந்ததும் முதல்ல இந்தக் கம்பளியைத்தான் தூக்குவா. தூக்கினா முடிஞ்சுது. பாத்தியா மாந்துலின்னு என் பேரைச் சொல்லி, நான் சொன்னேன்ல, உன் மருமவ வாசலைத் தாண்டினதும் பீரு பொங்கிடுச்சுன்னு ஊரைக் கூட்டிடுவா. அப்புறம் உங்க பொண்ணு மேல ஒட்டினதை எந்தச் சோடா போட்டும் கழுவ முடியாது. அதான் உங்களை உக்காரச் சொல்றேன். எனக்குத் தனியா சொல்ல வராது. நீங்க என் பக்கத்துல நின்னு, இந்தப் பாட்டிலைக் கையில வச்சிருந்தீங்கன்னா சொல்லிடுவேன். நான் வார்த்தையை முழுங்கினா நீங்க சொல்லுங்க.

ஆமா. பொங்குது. காலையில இருந்து.

வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கிட்டுப் போனப்புறம் டிரம்மை வெளிய இழுத்துப் போட்டு நானேதான் கழுவினேன். ஏழு தடவை, வெறும் கொதிதண்ணி. ரப்பரு வளையத்தைக் கூடக் கழட்டினேன். ஒரு சொட்டு பிளீச்சு விடலை. விட்டிருக்கலாம், யாரும் பாக்கலை. கையில பாட்டிலு இருந்துச்சு. அவ இப்ப சுத்தமா இருக்காம்மான்னு கேட்டாளே, அதுக்கப்புறம் எனக்குக் கை வரலை.

நீங்க வந்ததுல இருந்து வாயை மூடாம கத்திக்கிட்டே இருக்கேனே, பள்ளிக்கூடத்துப் பழக்கம்னா நினைச்சீங்க? இது பொங்குற சத்தம் என் காதுல விழக்கூடாது, அதுக்குத்தான். காலையில இருந்து இந்த வீட்டுல நான் வாயை மூடவே இல்ல, கோழிகிட்டக் கூடப் பேசினேன். இனிமே பேச எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்தக் கம்பளியை விலக்குங்க. காதை இங்க வைங்க, கீழ, கூழு இருக்குற பக்கம்.

கேக்குதா?

வந்துட்டான், சம்பந்தியம்மா.